இடுப்பில் விட்ட துணி

தையல்கடை டேப்பக்காவிடம் போய், "எங்க வீட்டுல கல்யாணம்" என்று சொல்லிப் பாருங்கள். "அப்படியா, ரொம்ப சந்தோஷம்" என்று வாய் சொல்லும். கை கழுத்தில் தொங்கும் அளவு டேப்பை எடுக்கும். கண் மட்டும் உங்கள் பெண்ணின் இடுப்பிலேயே நிற்கும். அடுத்த கேள்வி என்ன என்று தெருவுக்கே தெரியும்.

"எந்த மாசம் வெச்சிருக்கீங்க?"

பதிலைப் பொறுத்துத்தான் மரியாதை. மழை விட்டு, பனி இறங்குவதற்கு முன்னால் ஒரு காலம் இருக்கிறதே, அதைச் சொன்னால் நாற்காலி, ஃபேன், டீ எல்லாம் கிடைக்கும். வெயில் காலம் என்றாலும் பரவாயில்லை. பள்ளிக்கூட லீவு, சொந்தக்காரர்கள் வந்துபோக வசதி என்று அவளே உங்களுக்காகக் காரணம் தேடிக்கொள்வாள். கொட்டுகிற மழையில் என்று சொல்லிவிட்டீர்களோ, தொலைந்தீர்கள். "ஏ...ன், அவ்வளவு அவசரம்?" என்று ஒரு இழுப்பு இழுப்பாள் பாருங்கள், பெண்ணைப் பெற்றவர்களுக்குக் காதெல்லாம் கூசிப்போகும்.

"நல்ல நாளாவது கெட்ட நாளாவது! மண்டபம் கிடைக்காத நாள்தான் நல்ல நாள்" என்பாள் அவள். "ஊர்ல யாருக்குமே வேணாத நாளை ஒருத்தர் தேடிப் பிடிச்சுப் போறாங்கன்னா, மடியில கனம் இருக்குன்னு அர்த்தம்."

இதையெல்லாம் அவள் எதிர்வீட்டு இஸ்திரிக்காரம்மாவிடம்தான் சொல்வாள். இஸ்திரிக்காரம்மா தேய்த்த துணியை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பவள். துணி சுருங்காமல் போய்ச் சேரும். சேதி கண், காது, மூக்கு எல்லாம் முளைத்துப் போய்ச் சேரும்.

ஒருமுறை டேப்பக்கா சொன்னது பலித்தும் விட்டது. மருந்துக்கடைக்காரர் மகளுக்கு அடைமழையில் அவசர அவசரமாகக் கல்யாணம் நடந்தது. குறைமாசம் என்று சொல்லி ஒரு குழந்தை பிறந்தது. அந்தக் குறைமாசக் குழந்தையைத் தூக்கினால் கை வலித்தது! டேப்பக்கா ஒரு வார்த்தை பேசவில்லை, விரலை மட்டும் மடக்கிக் காட்டினாள். அன்றிலிருந்து அவள் சொல்லுக்குத் தெருவில் தனி மதிப்பு. தபால்காரர் மகளையும் அதேபோல் சந்தேகப்பட்டாளே, அந்தப் பெண்ணுக்குப் பல வருஷம் குழந்தையே இல்லாமல் அது ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்ததே, அது அவள் ஞாபகத்தில் நிற்கவில்லை. தபால்காரர் மனைவி அதற்குப் பிறகு கடைப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். "அவளுக்கு நம்ம தையல் பிடிக்கலையாம்" என்று சொல்லிவிட்டு டேப்பக்கா அடுத்த துணியை எடுத்தாள்.

அவளை மட்டும் குற்றம் சொல்லியும் பயனில்லை. சூடு கண்ட பூனை. அவளுடைய சொந்தக் கல்யாணமே கொட்டுகிற மழையில் நடந்ததுதான். அப்போது அவளுக்கு உலகம் தெரியாத வயசு. மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், பார்த்தார்கள், அடுத்த வாரமே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். எதற்கு இவ்வளவு அவசரம் என்று இவள் அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேடையில் மாப்பிள்ளை இருமிக்கொண்டே இருந்தார். "மழையில நனைஞ்சுட்டாரு" என்றார்கள். மழை நின்றது, இருமல் நிற்கவில்லை. மகன் தவழ ஆரம்பித்தபோது அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த நோய் எத்தனை நாளாக இருந்தது என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, இவளுக்கு மட்டும் தெரியாது. ஒரு பழைய தையல் மெஷினையும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு இந்தத் தெருவுக்கு வந்தவள்தான். முன்னறை கடை, பின்னறை வீடு. நடுவில் ஒரு திரை. திரைக்குப் பின்னால் ஆளுயரக் கண்ணாடி. யாரையும் நம்பாமலேயே மகனை வளர்த்து ஆளாக்கிவிட்டாள்.

மகன் லிஃப்ட் மெக்கானிக். ஒரு துணி ஃபேக்டரியில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். கதவைத் திறந்தால் உள்ளே ஒரு பெண், பயப்படாமல் உட்கார்ந்து, கையில் இருந்த சட்டையை உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். அந்த ஃபேக்டரியில் அவளுக்கு அதுதான் வேலை. செக்கிங். தைத்து வரும் துணியைத் திருப்பிப் பார்த்து, நூல் தொங்குகிறதா, தையல் கோணலா, துணி வீணாகியிருக்கிறதா என்று பார்த்து, சரியில்லாததை ஒதுக்கிப் போடுவது. "லிஃப்ட் நின்னா வேலையும் நிக்கணுமா?" என்று கேட்டாளாம். அங்கேயே விழுந்துவிட்டான் பயல்.

டேப்பக்காவுக்கும் பெண்ணைப் பிடித்திருந்தது. தையல் தெரிந்த மருமகள் கசக்குமா என்ன? அவள் மனசுக்குள் தேதியெல்லாம் முடிவாகிவிட்டது. மழை நன்றாக விடட்டும். சாலை காயட்டும். அந்தப் பருவத்தில்தான் கடையில் வேலை கழுத்தை நெரிக்கும், ஆனாலும் மெஷினை மூடி வைத்துவிட்டு ஊரைக் கூட்டி ஜாம் ஜாமென்று நடத்த வேண்டும். தனக்கு நடந்ததுபோல் நனைந்த நாற்காலிகளுக்கு நடுவில் நடக்கக் கூடாது. மகன் கல்யாணம் நல்லபடி நடந்து, வீட்டுக்கு ஒரு மருமகள் வந்து, தனியாக டீ குடிக்கிற காலம் முடிய வேண்டும். இதைவிட அவளுக்குப் பெரிய ஆசை எதுவும் இல்லை.

அப்போதுதான் பெண்ணின் அம்மாவும் அப்பாவும் வந்து உட்கார்ந்தார்கள்.

"சம்பந்தி, நாங்க யோசிச்சோம்" என்றார் பெண்ணின் அப்பா. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், நேராகப் பேசுகிற மனிதர். அன்றைக்கு ஏனோ ஃபேனைப் பார்த்துப் பேசினார். "அடுத்த மாசமே வெச்சுடலாமே."

"அடுத்த மாசமா? நல்ல மழையா இருக்குமே."

"மழைன்னா என்ன, மண்டபம் சுலபமா கிடைக்கும்" என்றாள் பெண்ணின் அம்மா.

அதே நேரத்தில் அப்பா, "எனக்கு அப்பத்தான் வேன் ஓட்டம் கம்மி" என்றார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டேப்பக்காவுக்கு மூக்கு வேர்த்துவிட்டது. ஒரு காரணத்துக்கு ஒரு வாய் போதுமே, இங்கே ரெண்டு வாயில் ரெண்டு காரணம்! மகன் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு எந்தத் தேதின்னாலும் சரிதாம்மா" என்றான் அவன்.

சட்டைப் பொத்தான் நிறத்துக்கே அரை நாள் சண்டை போடுகிறவன் எந்தத் தேதியும் சரி என்கிறான். பெண்ணோ தலையைக் குனிந்துகொண்டு டம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். டீயை வாயில் வைக்கவே இல்லை. "வேணாம் அத்தை, டீ வாசனையே இப்பல்லாம் ஒரு மாதிரி இருக்கு" என்றாள்.

அவ்வளவுதான். டேப்பக்கா மனசுக்குள்ளேயே விரலை மடக்கி எண்ண ஆரம்பித்துவிட்டாள்.

இன்னொருத்தர் வீட்டுப் பெண்ணாக இருந்தால் அன்று மாலையே இஸ்திரிக்காரம்மாவுக்குச் சேதி போயிருக்கும். இது தன் வீடு. தன் வீடு என்றால் சந்தேகம் குறையுமா? இன்னும் ஆழமாக இறங்கும். "கல்யாணத்துக்கு அடுத்த நாள் வரவேற்புக்குப் போட ஒரு கவுன் நானே தைச்சுத் தர்றேன்" என்று சொல்லிப் பெண்ணை அளவுக்கு வரச் சொன்னாள். அளவு எடுத்தாள். இரண்டாவது வாரம், "போன தடவை டேப் வழுக்கிடுச்சு கண்ணு" என்று சொல்லி மறுபடி எடுத்தாள். இடுப்பில் ஒரு விரல் கூடுதல். சாப்பிட்டுவிட்டு வந்திருந்தாள் அந்தப் பெண், யாருக்குத்தான் கூடாது? அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் டேப்பக்கா இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்தப் பெண் கொட்டாவி விட்டால் அதில் ஒரு காரணம். எலுமிச்சை மிட்டாய் வாயில் போட்டால் அதில் ஒரு காரணம். வாசல்படியில் மெதுவாக ஏறினால் கேட்கவே வேண்டாம்.

"என்னக்கா, மழையில வெச்சுட்டீங்க?" என்று இஸ்திரிக்காரம்மா வாசலில் நின்று கேட்டாள். அந்த இழுப்பு டேப்பக்காவிடம் கற்றுக்கொண்டதுதான்.

"பார்ப்போம்" என்றாள் டேப்பக்கா.

பார்ப்போம் என்று ஒரு வார்த்தை! வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்தால் விடுவாளா?

மகனிடம் கேட்க வாய் வரவில்லை. கேட்டு, அவன் ஆமாம் என்று சொல்லிவிட்டால்? இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பிறகு அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். சரி, நடந்தது நடந்துவிட்டது. சின்னஞ்சிறுசுகள். என் பேரப்பிள்ளைதானே, யாரோவா? நான் காட்டிக்கொடுக்க மாட்டேன். மேடையில் அந்தப் பெண்ணுக்கு மூச்சு முட்டக் கூடாது, நாலு பேர் கண்ணில் படவும் கூடாது. இப்படி நினைத்ததும் அவளுக்கே தன்மேல் ஒரு பெருமை வந்தது. எவ்வளவு பெரிய மனசு எனக்கு என்று கண்கூடக் கலங்கியது. கவுனை வெட்டும்போது இடுப்பின் இரண்டு பக்கமும் கையகலத்துக்குத் துணியைக் கூடுதலாக விட்டாள். அதை உள்ளே மடித்து, தேவைப்பட்டால் ஒரே இழுப்பில் பிரிக்கிற மாதிரி பெரிய பெரிய தையலாகப் போட்டாள். வெளியிலிருந்து பார்த்தால் கடவுளுக்கும் தெரியாது.

சனிக்கிழமை மத்தியானம் பெண் போட்டுப் பார்க்க வந்தாள். வெளியே தூறல். திரைக்குப் பின்னால் போனாள், போட்டுக்கொண்டு வந்தாள், கண்ணாடி முன் ஒரு சுற்றுச் சுற்றினாள். "அத்தை, அழகா இருக்கு அத்தை!" என்று டேப்பக்காவின் கன்னத்தைக் கிள்ளினாள். டேப்பக்காவுக்கு மனசு நிறைந்துவிட்டது. இந்தப் பெண்ணையா நாம் சந்தேகப்பட்டோம் என்று தோன்றவில்லை பாருங்கள். இந்தப் பெண்ணை நாம் மன்னித்தோமே, நல்லதாகப் போயிற்று என்றுதான் தோன்றியது.

பெண் மறுபடி திரைக்குள் போனாள். கழற்றினாள். அப்புறம் சத்தமே இல்லை.

கை பழகிய வேலையை மனசா நிறுத்தும்? நாள் முழுக்கத் துணியைத் திருப்பிப் பார்க்கிறவள், இந்தக் கவுனையும் திருப்பிப் பார்த்துவிட்டாள். திரையை விலக்கிக்கொண்டு வந்தபோது கவுன் அவள் கையில் உள்பக்கம் வெளியாக இருந்தது.

"அத்தை, இது என்ன?"

"என்ன கண்ணு?"

"இடுப்புல இவ்வளவு துணி. எங்க ஃபேக்டரில இப்படி வந்தா துணி வீண்னு தூக்கி ஒதுக்கிடுவோம். நீங்க வெட்டின துண்டுத் துணியைக்கூட வீணாக்க மாட்டீங்க." தையலில் நகத்தை வைத்து லேசாக இழுத்தாள். கடகடவென்று பிரிந்தது. "மத்த இடமெல்லாம் கெட்டித் தையல். இங்க மட்டும் பிரிக்கிற தையல். இது எதுக்கு அத்தை?"

டேப்பக்கா சமாளித்திருக்கலாம். சாப்பிட்டுக் குண்டானால் உதவும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் மன்னித்த பெருமை தொண்டை வரைக்கும் இருந்ததே! எழுந்து போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதே கண்ணு. எனக்குத் தெரியும். நான் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். நீ என் வீட்டுப் பொண்ணு."

பெண்ணுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. விளங்குவதை டேப்பக்கா அவள் முகத்தில் பார்த்தாள். கை மெல்ல உருவிக்கொண்டது.

"அதுக்குத்தான் ரெண்டு தடவை அளவு எடுத்தீங்களா?"

டேப்பக்கா கழுத்திலிருந்த டேப்பை எடுத்து முந்தானைக்குள் மறைத்தாள்.

"நான் மிட்டாய் தின்னதைக்கூடப் பார்த்துட்டு இருந்தீங்க. உங்களுக்கும் ஒண்ணு வேணும்போல, அதான் பார்க்கறீங்கன்னு நினைச்சேன்." அவள் குரல் உடைந்தது. "எனக்கு ரெண்டு மாசமா வயித்துல புண் அத்தை. டீ குடிச்சா எரியும், வெறும் வயித்துல இருந்தா குமட்டும். கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

அந்த நேரம் பார்த்து மகன் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தான். கவுனையும் இரண்டு முகங்களையும் பார்த்து நின்றான்.

"சொல்லிடுங்க" என்றாள் பெண் அவனிடம். "இனிமே நான் மறைக்க மாட்டேன்."

அவன் சொன்னான். வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது. வானத்தை முட்டுகிற கட்டிடங்கள், அதற்கெல்லாம் லிஃப்ட். மழை முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை, வெயில் காலத்தில்தான் லீவு. "உன்னைத் தனியா விட்டுட்டுப் போக மனசு வரலைம்மா. அதான் நான் போறதுக்கு முன்னாடி கல்யாணத்தை முடிச்சுடலாமான்னு இவகிட்ட கேட்டேன். இவ ஒத்துக்கிட்டா. இவங்க வீட்டுல நாந்தான் கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன், அவசரம் உங்களுதுன்னு சொல்லுங்கன்னு."

"என்கிட்ட ஏன்டா சொல்லலை?"

"சொன்னா நீ என்ன சொல்லியிருப்ப? பொண்ணு வீட்டுக்காரங்கதான் உன்னைக் கிளப்பி விடறாங்க, அம்மாகிட்டேருந்து பிரிக்கப் பார்க்கறாங்கன்னு சொல்லியிருக்க மாட்டே?"

அதேதான் சொல்லியிருப்பாள். ஒரு எழுத்து பிசகாமல் அதைத்தான் சொல்லியிருப்பாள். டேப்பக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

புருஷன் இல்லாத வீட்டில், தன்னோடு இருப்பதற்காகவா இந்தப் பெண் இவ்வளவு அவசரப்பட்டாள்? எந்த மாமியாருக்கு இப்படி ஒருத்தி கிடைப்பாள்! தன் மேல் வந்த ஆத்திரத்தில் அந்தக் கவுனை வாங்கி, மிச்சத் தையலையும் பரபரவென்று பிரிக்க ஆரம்பித்தாள். "இப்பவே வெட்டித் தூக்கிப் போட்டுடறேன் கண்ணு. ஒட்டத் தைச்சுத் தர்றேன். புத்தி கெட்டுப்போச்சு எனக்கு. அடுத்த மாசமே வெச்சுக்கலாம். மழையாவது மண்ணாவது!"

"வேணாம் அத்தை."

"என்ன வேணாம்?"

"இந்த மழையில வேணாம். அவர் போயிட்டு வரட்டும். அடுத்த வெயில்ல லீவுக்கு வருவாரு, அப்ப வெச்சுக்கலாம்."

மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "நீங்க சும்மா இருங்க. தேதி என்னோடது."

"கோபத்துல பேசாதேம்மா" என்றாள் டேப்பக்கா. "நீ இல்லாம, இவனும் இல்லாம, நான் மட்டும் இங்க என்ன பண்ணுவேன்?"

"கோபம்தான். இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா கோபத்துல மட்டும் சொல்லலை. இப்ப கட்டிக்கிட்டேன்னு வைங்க, எனக்கு எப்ப குழந்தை பொறந்தாலும் நீங்க விரலை மடக்கி எண்ணுவீங்க."

"எண்ண மாட்டேன். சத்தியமா எண்ண மாட்டேன்."

"எண்ணுவீங்க அத்தை."

டேப்பக்கா மறுபடி இல்லை என்று சொல்லப் பார்த்தாள். தன்னைப் பற்றி அவளுக்குத் தெரியாதா?

பெண் குடையை எடுத்துக்கொண்டாள். வாசலில் திரும்பி, "பிரஷர் மாத்திரையை வேளைக்குப் போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பதில் அவள் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மண்டபக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. மழை வலுத்தபோது மகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். பெண் வழியனுப்ப வந்தாள், டேப்பக்காவோடு ஒரே ஆட்டோவில் திரும்பினாள், இவள் வீட்டு வாசலில் இறங்காமல் அப்படியே போய்விட்டாள். வாரத்துக்கு ஒருமுறை ஃபோன் பண்ணுவாள். சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா, அவ்வளவுதான். கல்யாணம் நிச்சயமாக நடக்கும், பெண் சொன்ன சொல் மாற மாட்டாள். ஆனால் அத்தை என்று கூப்பிடுவதில் முன்பு இருந்த ஒட்டுதல் இல்லை. அது திரும்ப வருமா என்று யாரால் சொல்ல முடியும்?

ஒருநாள் காலையில் இஸ்திரிக்காரம்மா, தேய்த்த துணிமூட்டையைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"என்னக்கா, கல்யாணம் தள்ளிப்போச்சாமே?"

"ஆமா. வெயில்ல வெச்சிருக்கோம்."

"அவசர அவசரமா வெச்சாங்க. இப்ப அவசரமில்லைன்னு தள்ளி வெக்கறாங்க." குரலைத் தாழ்த்தினாள். "ஏ...ன், அந்த அவசரம் என்ன ஆச்சு? டாக்டர்கிட்ட போய் ஏதாவது...?"

டேப்பக்காவுக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது.

"வாயைக் கழுவுடி! அந்தப் பொண்ணு பத்தரைமாத்துத் தங்கம். அவகிட்ட ஒரு குறையும் இல்ல. குறையெல்லாம் என்கிட்டதான். நாந்தான் கண்டதையும் நினைச்சு அவ மனசை ஒடிச்சேன். அதனாலதான் தள்ளிப்போச்சு. போதுமா?"

இஸ்திரிக்காரம்மா அவளை உற்றுப் பார்த்தாள். கோபப்படவில்லை. பரிதாபப்பட்டாள்.

"சரிக்கா. வரப்போற மருமக, நீங்க அப்படித்தான் சொல்லணும். உங்க பெரிய மனசு யாருக்கு வரும்?"

சொல்லிவிட்டு மூட்டையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக் கேட்டைத் தட்டினாள். அடுத்த வீட்டு அம்மா குடையோடு வந்தாள். இரண்டு தலைகளும் குடைக்குள் நெருங்கின. டேப்பக்கா செருப்புகூட மாட்டாமல் மழையில் இறங்கி ஓடினாள்.

"அவ சொல்றதை நம்பாதீங்க! அப்படி ஒண்ணும் இல்ல, தப்பு பூரா என்னோடது!" என்று கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

அடுத்த வீட்டு அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் இஸ்திரிக்காரம்மாவைப் பார்த்தாள்.

"எதுக்குக்கா மழையில நனைஞ்சுக்கிட்டு இவ்வளவு அவசரமா ஓடி வந்து சொல்றீங்க?" என்றாள். "நாங்க ஒண்ணுமே கேக்கலையே."